மழையை எண்ணும் பலகை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தின் லயன் வீடுகள் மண்சரிவில் புதைந்தன. அன்று தொட்டு, அப்புத்தளைப் பக்கத்தில் மழை வலுத்தால் முதலில் எழும் கேள்வி: எத்தனை மில்லிமீற்றர்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை. 150ஐத் தொட்டாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வீட்டை விட்டு வெளியேற வேண்டும்.

அந்த எண்ணைத் தருவது தானியங்கி மழைமானி. பரவலாகப் பயன்படும் வகையில் இரட்டைக் கிண்ணம் ஒன்று இருக்கும். 0.2 மி.மீ. மழைக்கான தண்ணீர் சேர்ந்ததும் ஒரு பக்கம் கவிழும். அப்போது அதிலுள்ள காந்தம் அருகிலுள்ள சுவிட்சைக் கணநேரம் மூடித் திறக்கும். 75 மி.மீ. என்றால் 375 கவிழ்ப்புகள். அவற்றை எண்ணி, சேமித்து, தொலைபேசி வலையமைப்பில் அனுப்பக் கணினி ஒன்று வேண்டும்.

அந்தக் கணினியை இன்று தனி மொட்யூலாகவே வாங்கலாம். ராஸ்பெரி பை நிறுவனம் 2020இல் வெளியிட்ட கம்பியூட் மொட்யூல் 4இன் அளவு 55க்கு 40 மி.மீ.தான். செயலியும் நினைவகமும் அதிலேயே உண்டு. அவற்றுக்கிடையே அதிவேக மின்தடங்களை வரையும் மிகக் கடினமான வேலையைத் தயாரிப்பாளரே முடித்துத் தந்துவிடுகிறார். ஆனால் அதில் மின்சாரம் செருக ஓர் இடம் கூடக் கிடையாது. அடியில் தலா 100 முனைகள் கொண்ட இரண்டு கனெக்டர்கள் மட்டுமே. மின்சாரம், உணரிகள், அன்டெனா எல்லாம் வந்து சேரும் கேரியர் போர்டை நாம்தான் வடிவமைக்க வேண்டும். மொட்யூல் உலகெங்கும் ஒன்றே. அது எந்த மலையில் நிற்கப்போகிறது என்பதைக் கேரியர் போர்டுதான் அறிந்திருக்க வேண்டும்.

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கேரளத்தின் மூணாறில், ஆயத்த மொட்யூலை மலைக்கேற்பப் பொருத்தும் இந்த வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. அங்குள்ள அந்தோனியார் காலனிச் சரிவில் அமிர்தா பல்கலைக்கழகத்தின் மனீஷா ரமேஷ் தலைமையிலான குழு, மண்ணுக்குள் உணரிகளைப் புதைத்துக் கண்காணிப்பு வலையமைப்பு அமைத்தது. 2009 ஜூலை மழையில் அது எச்சரிக்கையும் விடுத்தது. கம்பியில்லாத் தொடர்புக்கு மைகாஸ் என்ற ஆயத்த மொட்யூலைத்தான் எடுத்தார்கள். நில உணரிகள் அதற்கு நேரே பொருந்தாததால், இடையில் தனி இணைப்புச் சுற்று தேவைப்பட்டது.

அப்புத்தளைக்கு இப்படியொரு கேரியர் போர்டை, அதாவது பலகையை, வரைவதானால் முதல் சிக்கல் சூரியன். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி நாட்கணக்கில் விலகாது. மழை அதிகம் பெய்யும் நாட்களில்தான் சோலார் தகடும் சோர்ந்து கிடக்கும். 2 வாட் எடுக்கும் மொட்யூல் நாள் முழுக்க இயங்கினால் 12 வோல்ட் பற்றரியில் 4 அம்பியர்-மணி தீரும். ஐந்து நாளில் 20. ஆகவே மிகச் சொற்ப மின்சாரத்தில் ஓடும் சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் ஒன்றைப் பலகையிலேயே வைத்து, எண்ணும் வேலையை அதனிடம் விட வேண்டும். தகவல் அனுப்பும் நேரத்தில் மட்டும் அது மொட்யூலை எழுப்பும். மொட்யூல் உறங்கும்போது வேறு பாகங்களிலிருந்து அதன் முனைகளுக்கு மின்சாரம் கசியக் கூடாது. கசிந்தால் சிப் பழுதாகலாம்.

அடுத்தது மின்னல். தூரத்தில் விழும் மின்னலும் மழைமானியின் நீண்ட கேபிளில் மின்னழுத்த அலையை எழுப்பும். கேபிள் நுழையும் விளிம்பிலேயே பாதுகாப்பு டயோடை வைத்து, அங்கிருந்து நிலத்தொடுப்புக்குக் குறுகிய, அகலமான செம்புத்தடம் போட வேண்டும். அதே டயோடைப் பலகையின் நடுவில் வைத்தால், அலை மற்றப் பாகங்களைத் தாக்கிய பிறகே அதை வந்தடையும்.

காந்த சுவிட்ச் மூடும்போது சற்று அதிரும். அந்த அதிர்வை வடிகட்டாவிட்டால் ஒரு கவிழ்ப்பு மூன்றாகவும் நான்காகவும் பதிவாகும். பொய்யான எண்ணுக்காக நள்ளிரவில் பிள்ளைகளோடு வெளியேறிய குடும்பம் அடுத்த முறை நம்பாது. இரண்டு ரெசிஸ்டர், ஒரு கப்பாசிட்டர், சில வரி மென்பொருள் போதும், இதைத் தடுக்க.

கருவி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. மீரியபெத்த மக்கள் இடம்பெயர வேண்டும் என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. குடியேறப் பாதுகாப்பான காணிதான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. காணியும் வீடும் அவர்களின் உரிமை. அது நிறைவேறும்வரை, ஓடித் தப்ப ஒரு மணி நேரமாவது முன்கூட்டிக் கிடைக்க வேண்டும்.

இந்த வேலைக்கான கதவு திறந்தே இருக்கிறது. பலகை வரையும் கைகாட் மென்பொருள் இலவசம். ராஸ்பெரி பை தன் மாதிரிக் கேரியர் போர்டின் வரைபடத்தையே அந்த வடிவில் வெளியிட்டிருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளும் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். தோட்ட அலுவலகங்களில் நாள்தோறும் மழையளவு எழுதிவைக்கும் பதிவேடுகள் உண்டு. எத்தனை நாள் தொடர்ந்து மழை பெய்யும், எந்த மாதம் மோசம் என்பதை அவை சொல்லும். பற்றரியின் அளவை அந்தப் பதிவேட்டிலிருந்து கணக்கிடத் தொடங்குங்கள். பலகை அதிலிருந்தே வளரட்டும்.