பச்சைக் கட்டையும் ஒரு காய்கறிதான்

மின்கம்பியில் உரசுகிறதென்று எங்கள் தெருவில் பூவரச மரத்தின் கிளையொன்றை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் மணிக்கட்டைவிடப் பருமனான ஒரு முழத் துண்டை எடுத்துவந்து, ஈரத்துணியில் சுற்றி, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தேன். மறுநாள் காலையில் கொத்தமல்லி தேடிப்போன அத்தை, "ஏன்டா, விறகையெல்லாமா ஃபிரிட்ஜுக்குள்ள வைப்ப?" என்றார். மரக்கரண்டி செதுக்கும் வித்தையில் பாதி அந்தக் கேள்விக்கான பதில்தான்.

என் முதல் கரண்டியைக் காய்ந்த தேக்கில் செதுக்கினேன். தச்சுப் பட்டறையில் மிஞ்சிய துண்டு. கத்தி வழுக்கியது, உள்ளங்கை கொப்பளித்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயும் துடுப்பா கரண்டியா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றுதான் மிஞ்சியது. காய்ந்த மரத்தோடு சிறு கத்தியை மோதவிடுவது, ஊறாத அரிசியை ஆட்டுக்கல்லில் போடுவது மாதிரி. ஸ்வீடன்காரர்கள் பச்சை பிர்ச் மரத்தில்தான் கை வைப்பார்கள். அந்த ஊர்க் கைவினை ஆசிரியர் வில்லே சுண்ட்க்விஸ்டின் புத்தகம் 1990-இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு, பல நாடுகளில் பொழுதுபோக்காகச் செதுக்குகிறவர்கள் அவருடைய கத்திப் பிடிகளைப் பார்த்துப் பழகினார்கள். நமக்கு பிர்ச் வேண்டாம். பூவரசு, கொய்யா, மா போதும். முருங்கை வெறும் பஞ்சு. அரளிப் பக்கம் போகவே கூடாது, விஷம்.

பச்சை மரத்துக்குள் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஊறவைத்த அரிசியைப் பாருங்கள். மணிகளுக்கு இடையே நிற்கும் தண்ணீர் ஒன்று, மணிக்குள் ஏறிய தண்ணீர் இன்னொன்று. வடிகட்டினால் முதலாவது போய்விடும். அரிசி அப்படியே பருத்துத்தான் இருக்கும். துணியில் பரப்பி உலர்த்தினால்தான் மணி சிறுக்கும். மரத்திலும் முதலில் வடிவது செல்களின் குழிகளில் நிற்கும் நீர். எடை குறையும், அளவு மாறாது. மரத்தின் உலர்ந்த எடையில் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது செல்சுவரில் ஊறியிருந்த நீரும் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்குவது அதற்குப் பிறகுதான்.

எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கினால் தொல்லையில்லை. நீளவாக்கில் மரம் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. ஆனால் வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேல்மாவு காய்ந்து இழுக்கும்போது உள்ளே பூரணம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கொழுக்கட்டை என்ன ஆகும்? வாய் பிளக்கும். முழு உருளையாகக் காயும் கட்டையும் அப்படித்தான் நடுச்சோறு வரை வெடிக்கிறது. அதனால் முதல் வேலை, கட்டையை நடுவாகப் பிளந்து சோற்றுப் பகுதியைச் சீவி எறிவது. ரம்பம் வேண்டாம். முருங்கைக்காயை நகத்தால் கீறினால் நாரோடு பிளப்பதுபோல, கைக்கோடாலியை வைத்துத் தட்டினால் மரம் தன் நார் போகும் வழியிலேயே பிளந்துகொள்ளும்.

அடுத்த பாடத்தை மீன் ஆய்ந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாலிலிருந்து தலைக்குக் கத்தியை இழுத்தால் செதில் நிமிர்ந்து பெயரும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழவென்று போகும். மரத்தில் நமக்கு வேண்டியது செதில் படியும் திசை. எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சீவ வேண்டும். கரண்டியின் கழுத்தில்தான் இது தெரியும். காம்பிலிருந்து கழுத்துக்கு இறங்கும் கத்தி, பள்ளம் வந்ததும் நின்றுவிட வேண்டும். அந்த வேகத்தில் எதிர் மேட்டில் ஏறினால் நார் நிமிர்ந்து சிராய் கிளம்பும், சில சமயம் ஒரு துண்டே பெயர்ந்து வரும். மறுபக்கத்தைக் குழியின் பக்கமிருந்து இறக்கிக்கொள்ளலாம். கணு இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கரும்பு கடிக்கும்போது கணுவைத் துப்புகிறோமே, அதேபோல் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

எனக்குப் பிடித்த கத்திப் பிடியை அரிவாள்மனையில் உட்கார்ந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். கத்தியை முழங்காலோடு அழுத்தி அசையாமல் வைத்து, கட்டையைப் பின்னால் இழுப்பது. கத்தி நகர்வதே இல்லை, அதனால் கை தப்புகிறது.

குழிக்கு மட்டும் வளைந்த கொக்கிக் கத்தி வேண்டும். பணியாரக் குழியில் கம்பியைச் சுழற்றுவதுபோல, நாருக்குக் குறுக்காக, விளிம்பிலிருந்து அடிக்கு. ஆசை இங்கேதான் கெடுக்கும். இன்னும் கொஞ்சம் ஆழம், இன்னும் கொஞ்சம் என்று போய், என் மூன்றாவது கரண்டி வடிகட்டியாகிவிட்டது. இரண்டு விரல்களால் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

நான்காவதைக் கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் வைத்தேன். சாயங்காலம் விளிம்பிலிருந்து அடிவரை ஒரு கீறல். அப்பளத்துக்குத்தான் வெயில், கரண்டிக்கு நிழல். இப்போதெல்லாம் சீவிய சீவலோடு சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றிவிடுகிறேன். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பார்ப்பேன். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கரண்டி முதல் ரசத்திலேயே சொரசொரக்கும். கிழிந்த நார் நுனிகள் ஈரம் பட்டு எழுந்துகொள்கின்றன. காய்ந்த பிறகு கூர்க்கத்தியால் மெல்லிசாக ஒரு கடைசிச் சீவல், அதற்குமேல் எண்ணெய். தேங்காய் எண்ணெய் இறுகாது, கழுவக் கழுவப் போய்விடும். சமையலுக்கு விற்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு படலமாக இறுகும். தோசைக்கல்லைப் பழக்கும்போது படிகிறதே கறுப்புப் படலம், அதன் உறவுதான் இது. அங்கே அடுப்பு அவசரப்படுத்துகிறது, இங்கே நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெயின்ட் கடையில் கிடைப்பதில் சீக்கிரம் காய உலோக உப்புகளைக் கலந்திருப்பார்கள். அது கதவுக்கு, வாய்க்கு அல்ல. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள். குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

ஐந்தாவது கரண்டி இப்போது புளிக்குழம்புச் சட்டியில் இருக்கிறது, மஞ்சள் ஏறி. போன வாரம் அத்தை, "பக்கத்து வீட்டுல கொய்யாக் கிளையக் கழிக்கறாங்கடா. காய்கறித் தட்டுல கொஞ்சம் இடம் ஒதுக்கி வச்சிருக்கேன்" என்றார்.