முதல் அடியில வெடிக்கல, ரெண்டாவது அடியில வெடிச்சுது: ஏன்?

சுட்ட தோட்டாவோட காலிப் பித்தளைக் கூட்டை வீட்டு கராஜ்லயே மறுபடி நிரப்புறது அமெரிக்காவுல பலருக்கு ஹாபி. ரீலோடிங்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால நமக்கு இது தெரிஞ்சுக்க மட்டும்தான்.

அந்த ஹாபில அடிக்கடி வர்ற புகார் இது: ட்ரிகரை இழுத்தா 'க்ளிக்'னு சத்தம் மட்டும் வருது. துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையிலயே அரை நிமிஷமாவது வச்சிருந்துட்டு, அதே தோட்டாவை மறுபடி அடிச்சா வெடிக்குது. உடனே எல்லாரும் "பிரைமர் மட்டம்"னு முடிவு பண்ணிடுவாங்க. ஆனா பெரும்பாலும் பிரச்சினை, பிரைமர் முழுசா உள்ளே உட்காராததுதான்.

பிரைமர்ங்கிறது தோட்டாவோட அடியில இருக்கிற குட்டி உலோகக் கிண்ணம். சின்ன சைஸோட விட்டம் 0.175 அங்குலம், கிட்டத்தட்ட நாலரை மில்லிமீட்டர். உள்ளே அடிபட்டா தீப்பிடிக்கிற மருந்தும், 'அன்வில்'னு கால் வச்ச ஒரு துண்டும் இருக்கும். துப்பாக்கியோட ஊசி கிண்ணத்தை அடிக்கும்போது, மருந்து கிண்ணத்துக்கும் அன்விலுக்கும் நடுவுல நசுங்கித் தீப்பொறி வரும்.

அதுக்கு அன்விலோட கால் குழியோட தரையைத் தொடணும். தொடலைன்னா, மெத்தை மேல தேங்காய் உடைக்கிற கதைதான். முதல் அடியோட பலம் பிரைமரை உள்ளே தள்ளவே செலவாயிடும். ரெண்டாவது அடிதான் மருந்தை நசுக்கும். ரீட்ரை பண்ணா பாஸ் ஆகுற டெஸ்ட் மாதிரி, பக் அங்கேயேதான் இருக்கு.

ஏன் சரியா உட்கார மாட்டேங்குது? புரோகிரசிவ் பிரஸ்ல ஒவ்வொரு இழுப்புக்கும் பல வேலை சேர்ந்து நடக்கும். பல மாடல்கள்ல கைப்பிடியைத் திருப்பித் தள்ளும்போது, கடைசி அழுத்தத்துலதான் பிரைமர் உள்ளே போகும். வேகம் பிடிச்சுட்டா அந்தக் கடைசித் தள்ளுதான் அரைகுறையாகும். குழில கரி படிஞ்சிருந்தாலோ, கூட்டைப் பிடிக்கிற தட்டு லூஸா இருந்தாலோ இதே கதைதான். ராணுவத் தோட்டாக் கூடுன்னா, குழியோட விளிம்பை நெருக்கி வச்சிருப்பாங்க. அதை முதல்ல சரி பண்ணணும்.

அதனால குழியைச் சுத்தம் பண்ணுங்க, தட்டை இறுக்குங்க, கடைசித் தள்ளுல ஒரு நொடி நின்னு அழுத்துங்கன்னு அனுபவசாலிகள் சொல்வாங்க. அப்புறம் ஒவ்வொரு கூட்டோட அடியையும் விரலால தடவிப் பார்ப்பாங்க. பிரைமர் விளிம்புக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் கீழே இருந்தா நல்லது.

மேல துருத்திட்டு இருந்தா 'க்ளிக்'கோட நிக்காது. சில செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகள்ல, ட்ரிகரைத் தொடாமலேயே போல்ட் மூடும்போது வெடிக்கலாம். மருந்தும் குண்டும் போட்டு முடிச்ச தோட்டால இதைக் கண்டுபிடிச்சா, மறுபடி பிரஸ்ல வச்சு அழுத்தவே கூடாது. பிரிச்சு எடுக்கணும். கண்ணாடி போடாம இந்த வேலைக்கு உட்காரவும் கூடாது.

அதனால பிரைமர் பிராண்டை மாத்துறதுக்கு முன்னாடி, அந்தக் கடைசித் தள்ளு முழுசா போச்சான்னு பார்க்கணும்.