மாவ்பித் தமிழரும் 1823 என்னும் எல்லைக்கோடும்

யாங்கோனுக்கு வடக்கே, பியே செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த நெல்வயற் பகுதி மாவ்பி. இவ்வட்டாரத் தமிழர் நிலையை விளங்கிக்கொள்ள 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்திலிருந்து தொடங்குதல் தகும். 1823க்கு முன்பே நிலைகொண்ட இனங்களையே அச்சட்டம் மண்ணின் இனங்களாக ஏற்கிறது. அது முதல் ஆங்கில-பர்மியப் போருக்கு முந்தைய ஆண்டாகும். மாவ்பி அடங்கிய பெகு நாடோ 1852இல்தான் ஆங்கிலேயர் வசமாயிற்று; நெற்பயிர் விரிவும் தமிழ்த் தொழிலாளர் வருகையும் அதன் பின்னரே பெருகின. எனவே, கரேன் உழவர் மண்ணின் மக்கள் எனப்பட, அவர்க்கு அயலே தலைமுறைகளாக ஏர் பிடித்த தமிழர், குடியுரிமை பெற்றிருப்பினும், அப்பட்டியலுக்குப் புறத்தேயே நின்றனர்.

1942இல் போருக்கஞ்சி இலட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினர். பலர் நடந்தே எல்லை கடந்தனர். 1964இல் கடைகள் அரசுடைமையானதும் வணிகர் பலர் தமிழகம் திரும்பினர். சென்னையின் பர்மா பஜார் அவர்தம் சுவடு. ஆய்வுலகம் திரும்பியோரைப் பற்றியே மிகுதியும் எழுதியது. தங்கிவிட்டோரை மறந்தது என்பது மிகையன்று.

1965 முதல் தனியார் பள்ளிகளும் அரசுடைமையாயின. தமிழ்க்கல்வி கோயில்சார் வகுப்புகளில் ஒதுங்கியது. பள்ளிப் பதிவேட்டில் பர்மியப் பெயர் தாங்கும் பிள்ளைக்கு, அர்ச்சனைத் தட்டின் முன் மட்டும் தமிழ்ப்பெயர் நினைவுக்கு வருகிறது.