முன் சக்கரம் ஆடினால் முதலும் ஆடும்



சரக்கு விலை, வரி விவரம், சந்தை நிலவரம் என்று எழுதிவரும் இவ்விதழில் மோட்டார் வண்டியின் முன் அச்சைப் பற்றி எழுதுவது என்ன பொருத்தம் என்று சிலர் கேட்கலாம். பொருத்தம் உண்டு. தராசுக்கும் எடைக்கல்லுக்கும் காலாகாலத்தில் முத்திரை வாங்கி வைக்கிறோம். பெட்டியடிக் கணக்கை இரவோடு இரவாகச் சரி பார்க்கிறோம். ஆனால் கொள்முதலுக்கும் வசூலுக்கும் போய்வரும் வண்டியை மட்டும் 'ஓடுகிறவரை ஓடட்டும்' என்று விட்டுவிடுகிறோம். அந்த வண்டியில்தான் நம் பிள்ளைகளும், நம்மை நம்பி வேலைக்கு வந்தவர்களும் போய்வருகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

நமது வணிகக் குடும்பங்களில் அம்பாசிடர் கார் இல்லாத வீடு ஒரு காலத்தில் குறைவு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி 1950களின் இறுதியில் வந்த வண்டி அது. மேற்கு வங்காளத்தின் உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-ல் உற்பத்தி நின்றது. 2017-ல் அந்தப் பெயரே 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சு நாட்டுப் பூஜோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஆயினும் அப்பா வாங்கிய வண்டி, ராசியான வண்டி என்று இன்றும் ஷெட்டில் வைத்து ஓட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். மற்றப் பழைய வண்டி வைத்திருப்போருக்கும் இதில் பாதி பயன்படும்.

நாங்கள் பட்ட பாடு

எங்கள் கடையில் 1982-ல் வாங்கிய அம்பாசிடர் ஒன்று இருந்தது. 1996-ல் அதன் இடது முன் டயர் உள் ஓரம் மட்டும் வழுக்கையாகத் தேய்ந்துகொண்டே வந்தது. ஆறு மாதத்தில் இரண்டு முறை அலைன்மெண்ட் பார்த்தோம், டயரும் மாற்றினோம். பார்த்த பட்டறையில் கம்பியை முறுக்கிச் சரி செய்து கொடுத்தார்களேயன்றி, சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தவர் எவருமில்லை. அப்படிப் பார்க்கச் சொல்ல எங்களுக்கும் தெரியவில்லை.

தீபாவளிக்கு முந்திய வாரம் எங்கள் டிரைவர் வந்து, "அண்ணாச்சி, கீழ் நிப்பிளில் கிரீஸ் ஏற மாட்டேங்குது. ஒருநாள் பட்டறையில விட்ரலாமா?" என்று கேட்டார். "சீசன் நேரத்தில் வண்டியை நிறுத்த முடியுமா? தீபாவளி கழியட்டும், பார்க்கலாம்" என்று சொன்னோம்.

மூன்றாம் நாள் அண்ணன் மகனும் டிரைவரும் மதுரையில் வசூல் முடித்து விருதுநகருக்குத் திரும்பினார்கள். திருமங்கலத்துக்கு இப்பால் ஒரு டீக்கடை ஓரம் ஒதுங்குவதற்காக ஸ்டேரிங்கை முழுக்க ஒடித்தபோது, 'மடார்' என்ற சத்தத்துடன் இடது சக்கரம் மடங்கி, வண்டியின் மூக்கு தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. வேகம் இல்லாததால் இருவருக்கும் காயமில்லை. ஐந்து நிமிடம் முன்னால் அதே வண்டி லாரிகளுக்கு நடுவே அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. வசூல் பையை மடியில் வைத்துக்கொண்டு இரவு பதினோரு மணிவரை ரோட்டோரம் இருந்தார்கள்.

வீடு வந்ததும் அண்ணியார் வசூல் பையைப் பார்க்கவில்லை. மகனின் கை கால்களைத் தடவிப் பார்த்தார்கள். எங்களை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மடங்கியது ஏன்?

வண்டியைக் கழற்றிய முதிய மெக்கானிக் ஒருவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். முன் சக்கரம் ஒவ்வொன்றும் செங்குத்தாக நிற்கும் ஒரு பின்னைச் சுற்றித் திரும்புகிறது. கிங் பின் என்றும், ஸ்விவல் பின் என்றும் சொல்வார்கள். பழைய அம்பாசிடரில் இந்தப் பின்னின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் மரை இருக்கும். மேலே ஒரு லிங்க், கீழே ஒரு லிங்க். போல்ட்டில் நட்டு ஏறியிருப்பதுபோல அவை மரையில் ஏறியிருக்கும். லிங்க்குகள் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டோடும் இணைந்திருக்கும். கீழ் ஆர்மைத் தாங்குவது டார்ஷன் பார் எனும் முறுக்குக் கம்பி. வண்டியின் நீளவாக்கில் கிடக்கும் இந்தக் கம்பிதான் அங்கே ஸ்பிரிங்.

ஆகவே வண்டியின் முன் பாரம் முழுவதும் கீழ் லிங்க்கின் மரையில்தான் நிற்கிறது. ஸ்டேரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை பாரத்தோடு உராய்கிறது. கிரீஸ் இருக்கும்வரை கவலையில்லை. கிரீஸ் காய்ந்து, மழைத் தண்ணீரும் மண்ணும் புகுந்தால் மரை கத்திமுனைபோல் மெலிந்துகொண்டே போகும். ஒருநாள் பின் லிங்க்கைவிட்டு உருவிக்கொள்ளும், சக்கரம் மடங்கும். எங்கள் வண்டியில் நடந்தது அதுதான். கிரீஸ் ஏறவில்லை என்று டிரைவர் சொன்னபோதே முன் எச்சரிக்கை கிடைத்துவிட்டது. கேட்கத்தான் காது இல்லை.

அறிகுறிகள்

முன் அச்சுச் சாமான்கள் சொல்லாமல் கெடுவதில்லை. கீழ்க்கண்டவற்றில் இரண்டு தெரிந்தாலே வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

1. நேர் ரோட்டில் வண்டி அங்குமிங்கும் அலையும். ஸ்டேரிங்கைத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும்.

2. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டேரிங் நடுங்கும். அதற்குக் கீழும் மேலும் நடுக்கம் குறையும். சக்கர பாலன்ஸ் கெட்டாலும் இது வரும். பாலன்ஸ் பார்த்த பின்னும் நடுங்கினால் தேய்மானம்தான்.

3. பள்ளத்தில் இறங்கும்போது 'டக் டக்' என்று உலோகச் சத்தம் கேட்கும்.

4. பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும். இதற்குப் பிரேக்கும் காரணமாகலாம். இரண்டையும் பார்க்க வேண்டும்.

5. டயர் ஓரம் மட்டும் தேயும். அல்லது கையால் தடவினால் ரம்பப் பல்போல் ஒரு பக்கம் கூராகத் தட்டுப்படும்.

6. கிரீஸ் அடித்தால் புதுக் கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வராது.

வீட்டிலேயே சோதிக்கும் முறை

சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்பிரேக் போட்டுக்கொள்ளவும். ஜாக்கியைக் கீழ் ஆர்மின் வெளி நுனிக்கு அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். சேசிஸில் கொடுத்துத் தூக்கினால் முறுக்குக் கம்பியின் அழுத்தத்தில் சாமான்கள் இறுகி நின்று, ஆட்டம் தெரியாமல் ஏமாற்றும். தூக்கியபின் சேசிஸுக்கு அடியில் கனமான மரக்கட்டை அல்லது ஸ்டாண்டு வைக்கவும். செங்கல் கூடாது, பாரத்தில் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டலாகாது.

முதல் சோதனை: டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டவும். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டவும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில். பிரேக் பிடித்தும் ஆடினால் குறை ஸ்விவல் பின், லிங்க், புஷ் ஆகியவற்றில். பேரிங் ஆட்டத்துக்கு லிங்க் மாற்றி வீண் செலவு செய்வதும், லிங்க் ஆட்டத்தைப் பேரிங் என்று நினைத்து ஹப் நட்டை இறுக்கிவிடுவதும் இந்த ஒரு சோதனையால் தவிரும்.

இரண்டாவது: ஸ்டேரிங்கை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, டயரின் இடப்புறமும் வலப்புறமும் கை வைத்து ஆட்டவும். டை ராடு எண்டின்மேல் ஒரு விரலை வைத்தால் அங்கே ஆட்டம் இருந்தால் விரலிலேயே தெரியும். ரேக் பாக்ஸின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உள்ளே மண் போயிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளவும்.

மூன்றாவது: இதுதான் முக்கியம். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்பித் தூக்கி விடவும். இன்னொருவர் கீழ் லிங்க்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மரைச் சாமானில் மயிரிழை அசைவு இயற்கை. பின் லிங்க்குக்குள் மேலும் கீழும் போய்வருவது கண்ணுக்குத் தெரிந்தால் மரை முடிந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டியை அன்றே நிறுத்த வேண்டும். மறுநாள் சந்தை இருந்தாலும் நிறுத்தத்தான் வேண்டும்.

பழுது பார்க்கையில்

கழற்றி மாட்டுவது மெக்கானிக்கின் வேலை. ஆனால் முதலாளி தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

டார்ஷன் பாரின் முறுக்கைத் தளர்த்தாமல் கீழ் ஆர்மைக் கழற்றக் கூடாது. ஆர்ம் தெறித்து எலும்பை முறித்துவிடும். பாரைக் கழற்றினால் இடது, வலது என்று அடையாளமிட்டு அதே பக்கத்தில்தான் திரும்பப் போட வேண்டும்.

பின்னையும் லிங்க்குகளையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. தேய்ந்த பின்னில் புது லிங்க் போட்டால் புதுச் சாமானும் விரைவில் தேயும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனியே கேட்டு, பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்கவும். கடைக்காரர் எதிரிலேயே லிங்க்கைப் பின்னில் கையால் ஏற்றிப் பார்க்கலாம். வழவழவென்று ஏற வேண்டும்; தொளதொளவென்று ஆடினால் வேண்டாம். கம்பெனி நின்றுபோன வண்டிக்குச் சாமான் பல தரத்தில் வருகிறது. பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்கும் நமக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரேக் பிளேட்டைக் கழற்றித் தொங்கவிட்டால் பிரேக் ஹோஸ் இழுபட்டுக் கெடும். கம்பியால் மேலே கட்டி வைக்க வேண்டும். பிரேக் லைனைப் பிரித்திருந்தால் காற்று எடுத்தாக வேண்டும்.

ரப்பர் புஷ்களின் நட்டை, வண்டியைத் தரையில் இறக்கிப் பாரம் ஏறிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். கோட்டர் பின்கள் புதியனவாக இருக்கட்டும். பழையதை நிமிர்த்திப் போடுவது நாலணா லாபத்துக்கு உயிரை அடகு வைப்பதாகும்.

எல்லாம் முடிந்த பிறகே அலைன்மெண்ட். ஆடுகிற சாமானை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் பார்ப்பது, தட்டு ஒட்டிக்கொண்ட தராசில் எடை போடுவதற்குச் சமம். நாங்கள் இரண்டு முறை போட்டோம்.

செலவுக் கணக்கு

அன்றைய நோட்டைப் புரட்டினால், சாமான், கூலி, இழுத்துவந்த வாடகை, மட்கார்டு நிமிர்த்தியது, பாழான இரண்டு டயர் எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்துக்கு மேல் எழுதியிருக்கிறோம். கிரீஸ் அடிக்க அன்று ஆன செலவு முப்பது ரூபாய். சீசனில் ஒருநாள் நிற்க மனமில்லாத வண்டி பன்னிரண்டு நாள் நின்றது.

அதன்பின் எங்கள் வழக்கம் இது. 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழைக்காலமானால் அதற்கு முன்பே, முன் சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கிரீஸ் அடிக்கச் சொல்கிறோம். தூக்கினால்தான் பாரம் விலகி, மரையின் தேயும் முகத்துக்குக் கிரீஸ் போகும். பழைய அழுக்கு வெளியேறிப் புதுக் கிரீஸ் தெரியும்வரை அடிக்க வேண்டும். ஏறாத நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்து அல்லது மாற்றி, ஏறிய பிறகே வண்டி ஷெட்டைவிட்டுப் புறப்படும். தேதியும் கிலோமீட்டரும் ஒரு நோட்டில் ஏறும். அந்த நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர் டிரைவர். 'வண்டி இன்று போகாது' என்று அவர் எழுதினால் போகாது. அதற்குமேல் எங்கள் பேச்சு இல்லை. அந்த டிரைவர் வயதாகி ஊரோடு போய்விட்டார். அவர் தொடங்கிய நோட்டு இன்னும் தொடர்கிறது.

பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது மட்டும் அவசரமாக எல்லாம் பார்ப்பவர்கள் உண்டு. அதிகாரி பார்ப்பது என்றோ ஒருநாள். சக்கரம் சுற்றுவது தினந்தோறும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறையில் ஒரு ஜாக்கி, ஒரு கடப்பாரை, உதவிக்கு ஒரு ஆள் போதும். அரைமணி நேர வேலை. நமது உறுப்பினர்கள் தவறாமல் பார்க்க வேண்டுகிறோம். உங்கள் வண்டியின் கீழ் நிப்பிளில் கிரீஸ் ஏறுகிறதா என்று முதலில் உங்கள் டிரைவரைக் கேளுங்கள். அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள்.