பிறக்கும்போதே ராட்சதன்! கருந்துளை பற்றி கோவை பெண் விஞ்ஞானி போட்ட கணக்கு பலித்தது எப்படி?

பனமரத்துப்பட்டி:-

ஆடி மாதம் ராத்திரி 9 மணி, 10 மணி வாக்கில் மேகம் இல்லாமல் இருந்தால் பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் நின்று தெற்கு பக்கம் அண்ணாந்து பாருங்கள். சேலம் டவுன் வெளிச்சம் முதுகுக்கு பின்னால் போய்விடும். விருச்சிகத்தின் வாலுக்கும், தனுசு ராசி நட்சத்திரங்களுக்கும் நடுவில் வெள்ளையாக புகை படர்ந்த மாதிரி தெரியும். அதுதான் நாம் இருக்கும் பால்வெளி மண்டலத்தின் நடுப்பகுதி.

அந்த இடத்தில் சுமார் 43 லட்சம் சூரியன்களின் எடையோடு ஒரு கருந்துளை உட்கார்ந்து இருக்கிறது. 26 ஆயிரம் ஒளி ஆண்டு தூரத்தில் இருப்பதால் யாரும் பயப்பட வேண்டியது இல்லை. அதன் படம் 2022-ம் ஆண்டு மே மாதம் வெளியானது.

இந்த மாதிரி ராட்சத கருந்துளைகள் முதன்முதலில் எப்படி உருவாகின? கோவையில் பிறந்து, இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக பேராசிரியையாக இருக்கும் பிரியம்வதா நடராஜன் இதற்கு ஒரு கணக்கு போட்டார். 2023-ம் ஆண்டு தொலைநோக்கியில் சிக்கிய ஒரு கருந்துளை அந்த கணக்கோடு அப்படியே ஒத்துப்போனது. இது பற்றிய விவரம் வருமாறு:-

மதகு சுழி மாதிரி

ஏரி மதகை திறந்தால் தண்ணி நேராக உள்ளே இறங்காது. சுழன்று சுழன்றுதான் போகும். கருந்துளைக்கு பக்கத்தில் வரும் வாயுவும் அப்படித்தான். சுழலும்போது ஒன்றோடு ஒன்று உரசி பயங்கரமாக சூடாகும். கருந்துளைக்குள் போன ஒளி திரும்பி வராது. ஆனால் வெளியே சுற்றும் வாயு தகதகவென்று எரியும். நமக்கு தெரிவது அந்த வெளிச்சம்தான்.

சூரியன் ஹைட்ரஜனை எரிக்கும்போது அதன் எடையில் 1 சதவீதம் கூட சக்தியாக மாறுவது இல்லை. கருந்துளையை சுற்றும் வாயுவில் சுமார் 10 சதவீதம் சக்தியாக மாறும். அதனால்தான் நடுவில் இருக்கும் அந்த சின்ன இடம், மொத்த மண்டலத்தின் நட்சத்திரங்களையும் மிஞ்சி வெளிச்சம் போடுகிறது. இப்படி நடுப்பகுதி கொழுந்து விட்டு எரியும் மண்டலங்களை 'செயல்படும் மண்டலங்கள்' என்கிறார்கள். அதில் ரொம்ப பிரகாசமானவைக்கு குவாசர் என்று பெயர். 200 கோடி ஒளி ஆண்டுக்கும் அப்பால் இருந்த ஒரு குவாசரை 1963-ல் மார்ட்டின் ஷ்மிட் அடையாளம் கண்டபோது விஞ்ஞானிகளே ஆடிப்போனார்கள்.

நமது பால்வெளி கருந்துளைக்கு இப்போது தீனி இல்லை. அதனால் அமைதியாக கிடக்கிறது.

இந்த ஆராய்ச்சி எல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் 1986-ம் ஆண்டு முதல் 93 அங்குல தொலைநோக்கி இருக்கிறது. செயல்படும் மண்டலங்களின் வெளிச்சம் ஏறி இறங்குவதை அங்கிருந்தும் கண்காணித்து வந்திருக்கிறார்கள்.

வட்டிக்கு வட்டி கணக்கு

சிக்கல் எங்கே வந்தது என்றால், வயதில். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. அது பச்சை குழந்தையாக இருந்த காலத்திலேயே ராட்சத கருந்துளைகள் இருந்தது தெரிய வந்தது. ஒரு சொட்டு மழை இல்லாத ஊரில் விடிந்து பார்த்தால் ஏரி நிரம்பி கிடந்த கதைதான். அவ்வளவு சீக்கிரம் எப்படி வளர முடியும்?

கருந்துளை இஷ்டத்துக்கு சாப்பிட முடியாது. வேகமாக விழுங்கினால் சூடான வாயுவின் வெளிச்சமே வருகிற தீனியை வெளியே தள்ளிவிடும். இதற்கு எடிங்டன் எல்லை என்று பெயர். அந்த எல்லைக்குள் சாப்பிட்டால் எடை இரண்டு மடங்கு ஆக சுமார் மூன்றரை கோடி ஆண்டு பிடிக்கும். ஆக இது வட்டிக்கு வட்டி கணக்கு. முதல் எவ்வளவு போட்டோம் என்பதுதான் முக்கியம்.

முதல் நட்சத்திரம் ஒன்று செத்து 100 சூரியன் எடையில் கருந்துளை ஆனதாக வைத்துக் கொள்வோம். அது 1 கோடி சூரியன் எடைக்கு வர 17 தடவை இரட்டிப்பு ஆக வேண்டும். அதாவது ஏறக்குறைய 60 கோடி ஆண்டு. முதலே 1 லட்சம் சூரியன் எடை என்றால் 7 தடவை போதும். 25 கோடி ஆண்டில் வேலை முடிந்துவிடும்.

அப்படி பெரிய முதல் எங்கிருந்து கிடைக்கும்? இதற்குத்தான் பிரியம்வதாவும், இத்தாலி விஞ்ஞானி கியூசெப்பே லொடாட்டோவும் 2006-ம் ஆண்டு கணக்கு போட்டார்கள். சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் குச்சிக்கிழங்கு ஈர மாவை குலுக்கினால் மணி மணியாக உருளும். வாயு மேகமும் குளிர்ந்தால் அப்படித்தான் துண்டு துண்டாகி நட்சத்திரங்கள் ஆகும். பக்கத்து மண்டலத்தில் இருந்து வரும் புற ஊதா ஒளி அந்த மேகத்தை குளிர விடாமல் தடுத்தால்? உதிராமல் மொத்தமாக இடிந்து விழும். நட்சத்திரம் ஆகாமலேயே நேராக கருந்துளை. பிறக்கும்போதே 10 ஆயிரம் முதல் 1 லட்சம் சூரியன் எடை.

அப்படி பிறந்த கருந்துளை எந்தெந்த அடையாளத்தோடு தெரியும் என்பதையும் 2017-ம் ஆண்டு பிரியம்வதா குழுவினர் எழுதி வைத்துவிட்டார்கள். பார்ப்பதற்கான ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அப்போது விண்ணுக்கு போகவே இல்லை. அது ஏவப்பட்டது 2021 டிசம்பர் 25-ல்தான்.

சிக்கியது

2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் அறிவிப்பு வந்தது. யு.எச்.இசட்.1 என்ற மண்டலம். அதன் ஒளி நம்மை வந்து சேர சுமார் 1,330 கோடி ஆண்டு ஆகியிருக்கிறது. ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்தின் வயது வெறும் 47 கோடி ஆண்டு. மண்டலத்தை கண்டுபிடித்தது ஜேம்ஸ் வெப். அதன் நடுவில் எரியும் வாயுவின் எக்ஸ்-ரேயை 2 வாரம் உற்றுப் பார்த்து பிடித்தது சந்திரா தொலைநோக்கி. நடுவழியில் இருந்த ஏபல் 2744 என்ற மண்டல கூட்டம் பூதக்கண்ணாடி போல ஒளியை சுமார் 4 மடங்கு பெருக்கி கொடுத்தது. இல்லாவிட்டால் சிக்கியிருப்பது சந்தேகம்தான்.

கருந்துளையின் எடை 1 கோடி முதல் 10 கோடி சூரியன் வரை. அந்த மண்டலத்தில் உள்ள எல்லா நட்சத்திரங்களின் எடைக்கும் அது ஏறக்குறைய சமம். நமக்கு பக்கத்தில் உள்ள மண்டலங்களில் இது ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கன்றுக்குட்டி தலையில் யானை கொம்பு முளைத்த மாதிரி. 2017-ல் எழுதி வைத்த முக்கிய அடையாளம் இதுவேதான். 2024-ம் ஆண்டு 'டைம்' பத்திரிகை வெளியிட்ட செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலில் பிரியம்வதாவும் இடம் பெற்றார்.

இதில் இன்னொரு சுவாரசியமும் இருக்கிறது. சந்திரா என்ற பெயர் சென்னை மாநில கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். 1930-ல் 19 வயதில் இங்கிலாந்துக்கு கப்பலில் போகும்போதே, சூரியனை போல சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல் போனால் செத்த நட்சத்திரம் தாங்காது என்று கணக்கு போட்டவர் அவர். 1935-ல் லண்டன் கூட்டத்தில் அதை கேலி செய்தவர் எடிங்டன். சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைக்க 1983 வரை ஆனது. எடிங்டன் பெயரில் உள்ள எல்லையால் வந்த சிக்கலுக்கு, சந்திரசேகர் பெயரில் உள்ள தொலைநோக்கி சாட்சி சொல்லியிருக்கிறது.

வழக்கு முடியவில்லை

ஒரு யு.எச்.இசட்.1 கிடைத்ததால் எல்லா கருந்துளையும் பெரிசாகவே பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. சின்னதாக பிறந்து, எடிங்டன் எல்லையை அவ்வப்போது மீறி கண்டபடி சாப்பிட்டு வளர்ந்திருக்கலாம் என்று வாதாடும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். ஜேம்ஸ் வெப் வரிசையாக பிடித்துக் கொடுக்கும் 'சின்ன சிவப்பு புள்ளிகள்' பற்றியும் சண்டை நடக்கிறது. அவற்றில் கருந்துளை எவ்வளவு எடை, நட்சத்திரம் எவ்வளவு எடை என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு.

கருந்துளைகள் மோதும்போது வரும் ஈர்ப்பு அலைகளை விண்வெளியில் இருந்தே பிடிக்க 'லிசா' என்ற திட்டத்துக்கு ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் அனுமதி கொடுத்தது. 25 லட்சம் கிலோ மீட்டர் இடைவெளியில் 3 விண்கலங்கள் பறக்கும். ஆதிகாலத்து கருந்துளைகள் எந்த எடையில் மோதின என்பது அதில் தெரிந்துவிடும். 2035-ம் ஆண்டு வாக்கில் அதை ஏவ திட்டமிட்டு இருக்கிறார்கள்.