வேலைக்கு நடுவே உடற்பயிற்சி: எந்த நேரம் நல்லது?

பாகான் டத்தோ வட்டாரத்தில் தென்னை, செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் பலர் விடியுமுன்பே கிளம்பிவிடுகிறார்கள். காலையில் நடக்க நேரம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். நீங்கள் விடாமல் செய்யக்கூடிய நேரமே உங்களுக்கு நல்ல நேரம்.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதாவது, நாளுக்கு 30 நிமிடம், வாரம் 5 நாள். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் செய்யலாம்.

காலை: இங்கே பொழுது விடிய ஏறக்குறைய 7 மணி ஆகிறது. இருட்டில் சாலையோரம் நடக்க வேண்டாம். வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள், 10 முறை. 65 வயதைத் தாண்டியவர்கள் நாற்காலியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். வாரம் 3 நாள் இப்படிச் செய்தால் தடுமாறி விழுவது குறையும்.

பகல் 11 முதல் 4 வரை: வெயிலில் உடற்பயிற்சி வேண்டாம்.

மாலை 5.30 முதல் 7 வரை: வேலை முடிந்து இளைப்பாறி, தண்ணீர் குடித்துவிட்டு நடங்கள். ஏடிஸ் கொசு கடிக்கும் நேரம் இது. கைகால்களை மூடும் உடை அணியுங்கள்.

இரவு: சாப்பிட்ட பின் 10 நிமிடம் மெதுவாக நடந்தால், இரத்தத்தில் சர்க்கரை அதிகம் ஏறாது.

இனிப்பு நீர் நோய்க்கு மருந்து எடுப்பவரா? வெறும் வயிற்றில் உடற்பயிற்சி செய்யாதீர்கள். பையில் மிட்டாய் வைத்திருங்கள். நடுக்கம், வியர்வை, மயக்கம் வந்தால் உடனே சாப்பிடுங்கள்.

நெஞ்சு வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ நிறுத்திவிட்டு 999 எண்ணை அழையுங்கள்.