தீப்பாறையை இனங்காணல்

ஊரிலே கருங்கல் என்னும் ஒரே பெயரால் வழங்கும் கல், பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் ஆய்வுகூடத்திற் பல பெயர்களாகப் பிரிந்துவிடுகிறது. அம்மிக்கும் கோயிற் படிக்கும் உதவும் அக்கல் உண்மையில் எது என்று சொல்ல, மாணவன் சில ஆண்டுகள் பயிலவேண்டியிருக்கிறது.

பூமிக்குள் உருகிய நிலையிலிருந்த பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகினால் உண்டாவது தீப்பாறை. குழம்பு ஆழத்திலே தங்கி மெல்ல மெல்லக் குளிருமாயின் பளிங்குகள் பருத்து வளர அவகாசம் கிடைக்கும். எரிமலை வழியே வெளிப்பட்டு விரைவிற் குளிருமாயின் மணிகள் நுண்ணியனவாகும். மிக விரைவிற் குளிர்ந்தால் மணியே தோன்றாது கண்ணாடியாகிவிடும். ஆதலால் முதலிற் கேட்கவேண்டியது நிறத்தைப் பற்றியன்று, மணியின் பருமனைப் பற்றியே. பருமணி கொண்ட கப்புரோவும் நுண்மணி கொண்ட பசாற்றும் சேர்க்கையில் ஏறத்தாழ ஒன்றே. குளிர்ந்த இடமே வேறு.

வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் மேற்றோல் பொய் சொல்லும். சுத்தியலால் உடைத்துப் புதுமுகம் காணவேண்டும். பின்னர் பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லை. கண்ணாடி உடைந்தாற்போல ஒழுங்கின்றி உடைந்திருப்பது குவாட்சு. தட்டையாகப் பிளந்து, வெளிச்சத்திலே திருப்பும்போது பளிச்சிடுவது பெல்சுபார். நகத்தால் உரிக்கத்தக்க தகடு மைக்கா. இவற்றின் அளவே பெயரைத் தீர்மானிக்கிறது. குவாட்சும் பெல்சுபார்களும் சேர்ந்த தொகையிலே குவாட்சு நூற்றுக்கு 20க்குக் குறைந்தால் அக்கல் கிரனைற்று ஆகாது.

கண்ணும் கைவில்லையும் தோற்குமிடத்து நுணுக்குக்காட்டி வருகிறது. கல்லிலிருந்து ஒரு சீவலை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீற்றர் தடிப்பாகும்வரை தேய்ப்பர். அவ்வளவு மெலிந்தால் கரிய கல்லும் ஒளியைப் புகவிடும். இங்கிலாந்தின் செபீல்ட் நகரத்தவரான என்றி கிளிப்டன் சோபி 1849இல் இவ்வாறு தேய்க்கத் தொடங்கியபோது அவரை நகைத்தோர் உண்டு. இன்றோ இம்முறையின்றிப் பாறையியற் பாடமே இல்லை. முனைவாக்கிய ஒளியிலே ஒலிவீன் பல வண்ணங் காட்டும். பிளாசியோகிளேசு கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாகத் தோன்றும். குவாட்சு சாம்பல் நிறமாயிருக்கும். நிறம் தடிப்பைப் பொறுத்தும் மாறுவதால் தேய்ப்பவனுக்குக் குவாட்சே அளவுகோல். அது மஞ்சள் காட்டினால் இன்னும் தேய்க்கவேண்டும்.

இத்தனை கருவிகளுக்கும் எளிதில் அடங்காத கல்லும் உண்டு. கல்கத்தாவிலுள்ள யோப் சாணொக் என்பவரின் கல்லறைக்கு, சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியிலிருந்து ஒரு கரிய கல் கொண்டுசெல்லப்பட்டது. குவாட்சும் பெல்சுபாரும் ஐப்பசுதீனும் கொண்ட அவ்வினக் கல்லுக்கு, தோமசு ஒலண்ட் என்னும் புவிச்சரிதவியலார் 1893இல் சாணொக்கைற்று என்று பெயரிட்டார். 1900இல் வெளியிட்ட நீண்ட ஆய்விலே அதைத் தீப்பாறையெனவே கொண்டார். ஆனால் குருநாகலுக்கு அண்மையிலுள்ள கற்குழிகளிலே, வெளிறிய நைசுப் பாறையின் நடுவே அதே சாணொக்கைற்று கரிய திட்டுக்களாகக் காணப்படுகிறது. அங்கே அது குழம்பாக வந்து புகுந்ததன்று. திண்ம நிலையிலிருந்த நைசே, வெப்பத்தாலும் ஊடுருவிய பாயிகளாலும் அவ்வாறு உருமாறியது. வேறிடங்களிலே உண்மையாகவே குழம்பிலிருந்து இறுகிய சாணொக்கைற்றும் உண்டு. மெல்லிய சீவலிலே இரண்டிலும் அதே கனிப்பொருள்கள்!

ஆகவே விடையைக் கல் கிடந்த இடத்திலும் தேடவேண்டும். அயற்பாறையைக் கிழித்துக்கொண்டு நரம்புகள் ஓடுகின்றனவா, ஓரத்திலே விரைந்து குளிர்ந்த நுண்மணி காணப்படுகிறதா, அயற்பாறை வெந்திருக்கிறதா என்பவற்றை மாணவன் குறிப்பேட்டில் வரைந்துகொள்ளவேண்டும். இடம் குறியாது கொண்டுவந்த துண்டுக்கு ஆசிரியர் புள்ளி தரமாட்டார், அது நியாயமே.

இலங்கை நிலத்தின் பத்திலே ஒன்பது பங்கு உருமாறிய பாறையாதலால், ஐயமற்ற தீப்பாறையை இங்கே தேடித்தான் போகவேண்டும். புத்தளம் மாவட்டத்துத் தோணிகலையின் இளஞ்சிவப்புக் கிரனைற்று அவ்வாறு தேடிப் பார்க்கத்தக்கவற்றுள் ஒன்று. பழைய கல்வெட்டுக்களைக் காண அங்கே செல்வோர், எழுத்துக்குப் பக்கத்திலுள்ள மணிகளையும் சற்றுக் குனிந்து பார்க்கலாம்.